அண்டாவுக்குள் ஓர் அலாரம்

ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாள் இன்னும் எழுந்து ஓடாமல் இருக்கக் காரணம், எங்கள் அலாரம் அக்கா தங்கியிருந்த விடுதி கோயிலுக்கு நான்கு தெரு தள்ளி இருந்ததுதான்.

ராத்திரி பத்து மணிக்கு வார்டன் எல்லோருடைய செல்போனையும் வாங்கிப் பூட்டிவிடுவார். மிஞ்சுவது அக்காவின் சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்றுதான். தாவரவியல் முதுகலை படித்த அக்கா, அதை எவர்சில்வர் அண்டாவுக்குள் வைப்பார். காலை ஐந்துக்கு அது அலறினால் மூன்று மாடியும் துள்ளி எழும்.

ஒருநாள் அக்கா நியாயம் கேட்டார். "தெனமும் எழுப்புறேன்ல? ஆளுக்கு ஒருநாள் கீழேருந்து எனக்கு ஒரு பக்கெட் தண்ணி தூக்கிட்டு வாங்கடி."

நாற்பது பேரில் தூக்கியது மூவர். அதில் நான் இல்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள் பக்கெட் தூக்குவதா?

"தூக்காதவங்க காதுல பஞ்சு வச்சுக்கணும்" என்று அறை அறையாகப் பஞ்சு கொடுத்தார். வாங்கி நகப்பூச்சு அழித்தோம். அடுத்து, கடிகாரத்தைத் தலையணைக்கடியில் புதைத்துவிட்டு, தண்ணீர் தூக்கியவர்களை மட்டும் தொட்டு எழுப்பினார். "நீ தூங்குடி, உனக்கில்ல!" என்று என்னிடம் போட்ட சத்தத்தில் மொத்த மாடியும் எழுந்துவிட்டது. மறுநாளே கடிகாரம் அண்டாவுக்குத் திரும்பியது.

அந்த வாரம்தான் எங்கள் பொருளாதார வகுப்பில் பொதுப்பண்டம் பற்றி நடத்தினார்கள். ஒருவர் அனுபவித்தால் மற்றவருக்குக் குறையாது. பங்கு தராதவரைத் தடுக்கவும் முடியாது. அதனால் யாரும் தரமாட்டார்கள், சந்தை தோற்கும். அழகாகக் குறிப்பெடுத்தேன்.

பொருளாதாரத் தேர்வுக்கு முதல் நாள், அக்கா சித்தி மகள் கல்யாணத்துக்கு மருங்காபுரி போனார். அண்டாவில் ஒரு சீட்டு: 'யாராவது ஒருத்தி சாவி கொடுங்க.' நாற்பது பேரும் படித்தோம். யாராவது ஒருத்தி கொடுப்பாள் என்று நாற்பது பேரும் படுத்தோம். இந்தத் தாள் போனால் அப்பா, "படிச்சது போதும், வா" என்றுவிடுவார். அது தெரிந்தும் படுத்தேன்.

காலையில் கேட்டைக் கல்லால் இடிக்கும் சத்தம். மணி எட்டே கால். ஒன்பதரைக்குத் தேர்வு. வார்டன் கோயிலுக்குப் போயிருந்தார். வாசலில் பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக அக்கா.

"எந்திரிங்கடி! ஒருத்தியாச்சும் சாவி குடுத்தீங்களா?"

"முகூர்த்தம் முடிஞ்சிருச்சாக்கா?" என்றேன்.

"இப்பத்தான் தாலி கட்டிட்டிருப்பாங்க. உங்க லட்சணம் தெரிஞ்சுதான் மொத பஸ்ஸப் புடிச்சேன். நிக்காம போய்ப் பல்லு வெளக்கு, தண்ணி நான் தூக்கியாரேன்!"

தேறிவிட்டேன். ஒரு மதிப்பெண் மட்டும் போனது. சந்தை தோற்கும் இடத்தில் பொதுப்பண்டத்தை வழங்குவது யார் என்று கேட்டிருந்தார்கள். புத்தகத்தின் விடை, அரசு. நான் எழுதியது, அக்கா. அடித்துத் திருத்த நேரம் இருந்தது, மனம்தான் வரவில்லை.