அக்கா கல்யாணமும் ஆயில் கேஜ் பைப்பும்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்:

1. அப்பாவின் பழைய காரில் ஆயில் கேஜ் பைப்பை நான் மாற்றினேன்.
2. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களை அந்தக் காரில் குற்றாலம் ஐந்தருவிக்கு அழைத்துப் போனோம்.
3. பைப்பை மாற்றியது நான் என்று அப்பா அவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.
4. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வழியிலேயே எண்ணெய்க் குளியல் முடிந்தது.

எங்கள் வீட்டில் நான்காவதை மட்டும்தான் சொல்கிறார்கள்.

அப்போது நான் பாலிடெக்னிக் முடித்த புதிது. (படித்ததை எதன் மீதாவது காட்டியாக வேண்டிய வயது.) தென்காசியில் எங்கள் வாசலில் நின்ற கார் என்னைவிட மூத்தது. எஞ்சினிலிருந்து ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஆயில் அழுத்தம் காட்டும் கேஜுக்கு ஆயிலைக் கொண்டுவரும் மெல்லிய செம்புக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. புதுக் குழாயை நானே மாட்டினேன். பழையதை நடுவில் சுருட்டி விட்டிருந்தார்கள். மீந்ததை வெட்டச் சோம்பல்பட்ட எவனோ செய்த வேலை என்று முடிவு செய்தேன். என் குழாய் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் விறைப்பாக நின்றது. எஞ்சின் குலுங்கும்போது வளைந்துகொடுக்கத்தான் அந்தச் சுருள் என்பது பாடத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து மாப்பிள்ளையின் பெற்றோர் வந்தார்கள். மாப்பிள்ளையை அக்கா முன்பே ஒரு கல்யாண வீட்டில் பார்த்து, இவர்தான் என்று மனதுக்குள் முடித்துவைத்திருந்தாள். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், பிடிகொடுக்காமல் பேசினார்கள். சீசனில் வந்த விருந்தாளியை அருவியில் குளிக்கவைக்காமல் அனுப்புவது, எங்கள் ஊரில் சோறு போடாமல் அனுப்புவதற்குச் சமம். குளித்துவிட்டு வந்து பதில் சொல்வதாகக் கிளம்பினார்கள். அக்கா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள்.

“ஏட்டி, அவுகளை வண்டி தள்ள மட்டும் வச்சிராத.”

அப்பா ஓட்டினார். மாப்பிள்ளையின் அப்பா கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு முன் சீட்டில். நானும் அவர் மனைவியும் பின்னால். இலஞ்சி தாண்டியதும் சாரலும் பள்ளமும் தொடங்கின. அப்பா கேஜைத் தட்டிக் காட்டினார்.

“இந்தப் பைப்பை மாத்துனது நம்ம சின்னவதான் அண்ணாச்சி.”

விரலை எடுப்பதற்குள் அடுத்த பள்ளம் வந்தது. என் நேரான குழாய் கேஜின் அடியில் முறிந்தது. இளஞ்சூட்டில் கறுப்பு ஆயில், விருந்தாளியின் முழங்காலிலிருந்து பாதம்வரை ஓர் இடம் விடாமல் பீச்சியது.

அப்பா வண்டியை நிறுத்தினார். வேட்டி போயிற்று, சம்பந்தம் போயிற்று, இனி அக்கா முகத்தில் விழிக்க முடியாது என்று மனதுக்குள் பட்டியல் போட்டேன். மாப்பிள்ளையின் அப்பா குனிந்து, ஆயிலைத் தொட்டு, இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

“குத்தாலத்துக்கு எண்ணெ தேச்சுத்தான் போவாவ, சரி. அதைக் காய்ச்சி வண்டியிலேயே ஊத்துதியளே அண்ணாச்சி.”

பின்னால் அவர் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் இறங்கி, உடைந்த குழாயின் வாயைக் குறடால் நசுக்கி மடக்கினேன். ஐந்தருவி போய்ச் சேர்ந்தோம். அருவி தன்னால் ஆனதைச் செய்தது. மிச்சத்துக்கு இரண்டு கட்டி சோப்பு தேவைப்பட்டது. ஈரத் துண்டோடு காருக்கு வந்தவர் என்னைப் பார்த்தபடியே அப்பாவிடம் பதில் சொன்னார்.

“மூத்தவளை எங்களுக்குக் குடுங்க. சின்னவ மட்டும் எங்க வண்டிப் பக்கம் வரப்படாது.”

இன்றும் நான் அம்பாசமுத்திரம் போனால், “சின்னவ வாரா, நல்ல வேட்டியெல்லாம் உள்ள எடுத்து வையி,” என்று அக்காவின் மாமனார், இப்போது எனக்கு மாமா, குரல் கொடுப்பார்.

கார் இன்னும் ஓடுகிறது. குழாயில் சுருள் இருக்கிறது. மாமா பின் சீட்டில்தான் உட்காருகிறார்.