மாதாவை அழிக்க ஏலாமல் போன சித்திர மாஸ்டர்

பக்தி கூடிய ஆட்களுக்குப் புத்தி கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். (இதை வாசித்தால் என் மனைவி, "கொஞ்சமோ?" என்று கேட்பாள்.) நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. கை ஓரளவு ஓடும் என்பதால் கொட்டாஞ்சேனையில் சிஸ்டர்மார் நடத்திய ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தேன்.

நாட்டில் சண்டை நடந்த காலம். சித்திரம், நடனம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்குக் கம்பியூட்டர் பழக்க வெள்ளவத்தையில் ஐந்து நாள் பயிற்சி வைத்தார்கள். தேறும் ஆசிரியரின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்பியூட்டர் இலவசம். அதிபர் சிஸ்டர் என்னை அனுப்பும்போது, "மாஸ்டர், வெறுங்கையோட மட்டும் வந்திடாதீங்க" என்றார். பிள்ளைகள் அதற்குள் வகுப்பறையின் ஒரு மூலையைக் கழுவி, மேசை போட்டு, பூப்போட்ட விரிப்பும் விரித்துவிட்டார்கள்.

வழியில் மூன்று சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, ஏறித்தான் தினமும் போவேன். பழக்கிய மிஸ்ஸுக்கு என் மகள் வயதிருக்கும். "பிள்ளையள் தாளைப் பழுதாக்கிப் போடுவம் எண்டு பயந்தே படம் கீறாதுகள். இதில நூறு தரம் அழிச்சுக் கீறலாம். அந்தத் துணிவைத்தான் நீங்கள் குடுக்க வேணும்" என்றார். தாளை வீணாக்கிய பிள்ளைகளின் காதைத் திருகிய எனக்குச் சுருக்கென்றது. நான்கு நாளும் தென்னைமரங்களாகக் கீறி, தயவுதாட்சண்யமில்லாமல் அழித்தேன்.

கடைசி நாள் சோதனை. விரும்பியதைக் கீறி, அழித்து, அதையே வேறு விதமாகக் கீறிக் காட்டவேண்டும். பயத்தில் மாதாவை மன்றாடிக்கொண்டு மவுசைப் பிடித்தேன். கை மாதாவையே கீறிவிட்டது.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி என் பின்னால் நின்றார். "சரி மாஸ்டர், அழிச்சுப்போட்டு வேற மாதிரிக் கீறுங்க."

திரையிலிருந்த ரப்பரை மாதாவின் முகம்வரை கொண்டுபோனேன். அதற்கு மேல் விரல் அசையவில்லை.

"என்ன, மறந்து போச்சா?"

"இல்ல சேர். இது மாதா."

அவர் குனிந்து பார்த்தார். "மாதாவா? நான் பலாப்பழமெண்டு நினைச்சன்."

பக்கத்துக் கம்பியூட்டரில் இருந்த நடன டீச்சர் மெல்லச் சொன்னார்: "மாஸ்டர், நான் என்ர கோலத்தை மூண்டு தரம் அழிச்சிட்டன். கண்ணை மூடிக்கொண்டு அமத்துங்கோ."

மூடினேன். கண்ணை மூடினால் எனக்கு வரும் ஒரே காரியம் செபம். கடற்கரை ரயில் ஒன்று ஜன்னல்களை நடுங்கவைத்துக்கொண்டு போனது. கண்ணைத் திறந்தபோது அதிகாரி அடுத்த வரிசையில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். என் பெயருக்கு நேரே என்ன எழுதினார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

மறுநாள் சிஸ்டரிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். பக்தியை மெச்சுவார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மாஸ்டர், நீங்க அழிச்சிருந்தா மாதா மன்னிச்சிருப்பா. அழிக்காததுக்கு நான் மன்னிக்க மாட்டன்."

அந்த மேசை ஒரு வருடம் வெறுமையாகக் கிடந்தது. ஒவ்வொரு திங்களும் பிள்ளைகள் விரிப்பை உதறி மறுபடி விரிப்பார்கள். காதைத் திருகியதற்கு அது போதுமான தண்டனை.

அடுத்த பயிற்சிக்கு சிஸ்டர் என்னையே அனுப்பினார். ("வேற ஆள் இல்ல" என்பது அவர் சொன்ன காரணம்.) வாழைப்பழம் கீறித் தேறினேன். சேர்ட்டிபிக்கட்டும் கிடைத்தது, கம்பியூட்டரும் வந்தது.

இப்போது என்னிடம் கைத்தொலைபேசி இருக்கிறது. சொந்தக்காரர் தினமும் காலையில் மாதா படமும் அந்தோனியார் படமும் அனுப்புவார்கள். ஒன்றையும் அழிக்க மனம் வராது. போன் நிரம்பி, பேரப்பிள்ளையின் படம் வராமல் நிற்கும்போது மகள் வாங்கி அழிப்பாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பேன். அந்த நேரம் வீட்டுக்கு யார் வந்திருந்தாலும் மனைவி என்னைக் காட்டி, "கம்பியூட்டர் சேர்ட்டிபிக்கட் எடுத்த மனுசன்" என்பாள்.