புலியின் கம்ப்யூட்டரில் மாட்டிய பிளாட்டர்

ஒரு காட்டில், ஐந்து கம்ப்யூட்டருக்குப் பொதுவென்று ஒரு பிளாட்டர் வாங்கி, அதைக் கொண்டுபோய்ப் புலியின் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். தப்பு அங்கேதான் நடந்தது. மற்றதெல்லாம் அது போட்ட குட்டிகள்.

பிளாட்டர் தெரியாதவர்களுக்கு: அதுவும் ஒரு பிரிண்டர்தான். பாய் அகலத்துக்குப் படம் போடும். காட்டின் வரைபட ஆபீசுக்காக வாங்கினார்கள். அங்கே புலி டைரக்டர். கரடி ஹெட் கிளார்க். படம் வரைவது ஒரு முயல். பெயர் தணிகாசலம்.

தணிகாசலத்துக்கு அவசரம். அவன் வளை ஓடைக்கரைப் பள்ளத்தில் இருந்தது. போன மழைக்கு வாசல்வரை தண்ணீர் வந்தது. இந்த மழைக்கு உள்ளேயே வரும். உள்ளே கண் திறக்காத குட்டிகள். தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வடிகால் படம் வரைந்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தான். அதைப் பெரிய தாளில் எடுத்துக் காட்டுப்பன்றிகளிடம் கொடுத்தால் அவை தோண்டும். அவ்வளவுதான் வேலை.

பிளாட்டரை மாட்ட நரி வந்தது. நெட்வொர்க் வேலையெல்லாம் நரிதான்.

"இந்த வயரை நேரா நெட்வொர்க் பெட்டியில சொருகிட்டா போதும் சார். எல்லாரும் அவங்கவங்க சீட்டுல இருந்தே எடுத்துக்கலாம்" என்றது நரி.

கரடி பெட்டியைப் பார்த்தது. அது கழிவறைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது.

"இவ்வளவு பெரிய மிஷினை அங்க கொண்டுபோய் மாட்டுறதா? ஐயா ரூம்ல வைங்க. ஐயா கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. அதுதான் மரியாதை."

"மாட்டலாம். ஆனா அந்தக் கம்ப்யூட்டர் ஆன்ல இருந்தாத்தான் மத்தவங்களுக்கு வேலை செய்யும்."

"ஏன், ஐயா ஆன் பண்ண மாட்டாரா?"

நரி பிளாட்டரைப் புலியின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனது. மாட்டியது. எல்லோர் திரையிலும் பிளாட்டரின் சின்னப் படம் வந்தது. கை தட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள். நரி போய்விட்டது. போகும்போது புலியின் கம்ப்யூட்டரை அணைத்து, பழையபடி பூப்போட்ட துணியைப் போட்டு மூடிவிட்டுப் போனது.

அந்தத் துணி அப்புறம் எடுக்கப்படவில்லை. ஆபீசிலேயே உசத்தியான கம்ப்யூட்டர் அது. அதனால்தான் புலிக்குக் கொடுத்தார்கள். கொடுத்த நாளிலிருந்து புலி அதைத் தொட்டதில்லை. சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் கிடையாது.

தணிகாசலம் பிரிண்ட் கொடுத்தான். 'பிளாட்டர் கிடைக்கவில்லை' என்று வந்தது. மறுபடி கொடுத்தான். மறுபடி வந்தது. எழுந்து கரடியிடம் போனான்.

"சார், ஐயா கம்ப்யூட்டரை ஆன் பண்ணணும்."

"போய்ச் சொல்லு."

"நானா? நான் முயல் சார்."

"தெரியுது. அதான் சொல்றேன், உள்ளே போனா ரொம்ப நேரம் நிக்காதே."

போனான். புலி கண்ணைத் திறந்தது.

"என்ன?"

"ஐயா, கம்ப்யூட்டர்..."

"கம்ப்யூட்டருக்கு என்ன?"

"நல்லா இருக்குங்க ஐயா."

"சரி."

வெளியே வந்துவிட்டான். யாராக இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பார்கள்.

கரடி மறுபடி நரியைக் கூப்பிட்டது. நரி வந்து, புலியின் அறைப் பக்கம் போகாமல், வெளியே இருந்த வயரை மாற்றியது. ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து ஏதோ நம்பரை மாற்றியது. பிளாட்டர் அசையவில்லை.

"அங்க ஐயா ரூம்ல கம்ப்யூட்டர் தூங்குது. இங்க நம்பரை மாத்தினா அது முழிக்குமா?" என்றது நரி.

"அப்புறம் எதுக்கு மாத்தினே?" என்றான் தணிகாசலம்.

"கூப்பிட்டீங்களே."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தணிகாசலம் பன்றிகளிடம் ஓடினான்.

"படம் கம்ப்யூட்டர்ல இருக்கு. வந்து ஒரு தடவை பாத்துட்டுத் தோண்டிடுங்க. குட்டிங்க இருக்கு."

"தாள்ல வரணும்" என்றது மூத்த பன்றி. "கீழே ஐயா கையெழுத்து வரணும். படம் இல்லாம ஒரு பிடி மண்ணைக் கிளற மாட்டோம்."

"நேத்து என் வாசல் முழுக்கக் கிளறிப் போட்டிருந்தீங்களே, அதுக்கு யார் படம் குடுத்தா?"

"அது சாப்பாடு. இது வேலை."

வீட்டுக்கு வந்தான். மனைவி மரகதம் குட்டிகளை மேட்டுப் பக்கத்து அறைக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்ன, படம் வந்துச்சா?"

"ஐயா ரூம் கம்ப்யூட்டர் ஆன் ஆகலை."

"அப்ப நீங்களே தோண்டுங்களேன். முயல்தானே நீங்க?"

"நான் வரைபடப் பிரிவு. தோண்டுறது வேற பிரிவு."

மரகதம் கடைசிக் குட்டியையும் நகர்த்தி முடித்தாள். பிறகு, "குட்டிங்க பக்கத்துலயாவது உக்காருங்க. அதுக்குப் பிரிவு ஒண்ணும் இல்லையே?" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அன்று மழை கொட்டித் தீர்த்தது. தணிகாசலம் குட்டிகளை அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடியே இருந்தான். தண்ணீர் உள்ளே வரவில்லை. மழை விட்டதும் வெளியே வந்து பார்த்தான். வளைக்கு முன்னால் புதிதாக ஒரு வடிகால். தண்ணீர் அதில் மளமளவென்று ஓடிக்கொண்டிருந்தது. மரகதம் மேட்டில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள்.

குட்டிகள் பிழைத்தன. தணிகாசலம் அதைச் சொல்லவில்லை. வடிகாலைத்தான் பார்த்தான்.

"தப்பா தோண்டியிருக்கே. என் படத்துல இது புளியமரத்துக்கிட்ட வளையும். நீ நேரா விட்டிருக்கே."

"தண்ணி ஒண்ணும் சொல்லலையே."

"நேரா போனா என்ன இருக்கு தெரியுமா?"

"என்ன?"

"ஆபீஸ்."

அவன் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீர் ஒழுங்காக, வேறு எங்கும் திரும்பாமல், புலியின் அறைக்குள் புகுந்திருந்தது. மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி மூழ்கிவிட்டது. பூப்போட்ட துணி மிதந்தது. பிளாட்டர் மட்டும் உயரமான காலில் நனையாமல் நின்றது. புலி நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது.

"யார் விட்ட தண்ணி?" என்றது புலி.

தணிகாசலத்துக்குக் காது இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டன. அவன் வாயைத் திறப்பதற்குள் கரடி முந்திக்கொண்டது.

"மழைங்க ஐயா."

"மழைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பு."

"அனுப்பிடறேங்க ஐயா."

புலி மாடி அறைக்குப் போய்விட்டது. நரி வந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டியது.

"இது அவ்வளவுதான். இனி பிளாட்டரை நேரா நெட்வொர்க் பெட்டியில சொருகினாத்தான் உண்டு."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றது கரடி.

"சொன்னேனே."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்."

"நான் வேற வேலையா இருந்திருப்பேன். சரி, சொருகு."

நரி சொருகியது. தணிகாசலம் தன் சீட்டில் உட்கார்ந்தான். படத்தில் இருந்த வளைவை அழித்து, மரகதம் தோண்டியபடி நேர்கோடாக்கினான். கோடு போய்ச் சேர்கிற இடத்தில் 'டைரக்டர் அறை' என்று எழுதியிருந்ததையும் அழித்தான். பிரிண்ட் கொடுத்தான். பாய் அகலத்துக்குப் படம் வந்து விழுந்தது. புலி படிக்காமல் கையெழுத்துப் போட்டது. பன்றிகள் படத்தோடு வந்தன. வடிகால் படத்தில் இருக்கிறபடியே இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்து, கரையைக் கிளறிக் கிழங்கு தின்றுவிட்டுப் போயின.

அன்றிலிருந்து ஐந்து கம்ப்யூட்டரிலும்... இல்லை, நாலு கம்ப்யூட்டரிலும் பிளாட்டர் நன்றாக வேலை செய்கிறது. கரடிக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதையும் பிளாட்டரில்தான் எடுத்தார்கள்.

நீதி: பொதுவுக்கு வாங்கிய சாமான் பொதுவுக்கு வர வேண்டுமானால், பெரியவர் அறைக்குள் ஒரு தடவை வெள்ளம் போக வேண்டும். அது தானாகப் போகாது. அனுப்பியவள் மரகதம்.