ஒன்பது மரத்துண்டுகளும் ஒரு அலவாங்கும்

என் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் ஒரு மனிதரைச் சபை நடுவில் நிறுத்தி ஏசியிருக்கிறேன். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. பிறகு மன்னிப்பும் கேட்டுவிட்டேன், இரண்டு மொழியில். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இத்தாலியில், பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய வில்லாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என் கணவர் தோட்டம் பார்ப்பார், நான் வீடு துடைப்பேன், அதற்காகக் கீழே இரண்டு அறை எங்களுக்கு. வீட்டுக்காரச் சின்யோரா பலெர்மோ நகரத்தில் இருக்கிறார். அவருடைய தகப்பனார் அமெரிக்காவில் வேலை செய்து திரும்பியவர். மற்றவர்கள் அங்கிருந்து தொப்பியும் சப்பாத்தும் கொண்டுவர, இந்த மனிதர் வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு முழுவதையும் கப்பலில் ஏற்றிவந்திருக்கிறார். நிலவறையில் ஒரு கொதிகலன். அதிலிருந்து ஆவி மேலே போய் ஒன்பது இரும்பு ரேடியேற்றர்களைச் சூடாக்கும். ஆறிய ஆவி தண்ணீராகி, வந்த அதே குழாயாலேயே கீழே இறங்கும். போகவும் வரவும் ஒரே குழாய்தான். (எங்கள் ஊர்ச் சின்னத் தெரு, ஒழுங்கை மாதிரி. ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்கவேண்டும்.)

என் மகனுக்கு ஏழு மாதம் நடக்கும்போது அந்தக் கொதிகலனில் வெடிப்பு விழுந்து ஒழுகத் தொடங்கியது. அவனுக்கோ இருமல். அறையைச் சூடாக வைத்திருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பலெர்மோவை வெயில் ஊர் என்பவர்கள் தை மாதத்தில் ஒரு கல்வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பார்க்கவேண்டும். சின்யோரா வந்து பார்த்தார். புதுசு ஒன்று போடுகிறேன், ஆனால் இதுதான் கடைசி, இதுவும் கரைச்சல் கொடுத்தால் வீட்டைப் பூட்டிவிடுவேன், நீங்கள் பலெர்மோ ரயில் நிலையம், ஸ்தாசியோனே சென்ட்ராலே பக்கம் ஒரு அறை தேடிக்கொள்ளவேண்டும் என்றார். அந்தப் பக்கத்து அறைகளை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும்.

ஆக, புதுக் கொதிகலன் ஒழுங்காக வேலை செய்யவேண்டியது சின்யோராவைவிட எனக்குத்தான் அவசரம்.

அது அமெரிக்காவிலிருந்து ஒரு ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தது. பொருத்த வந்த குழாய்க்காரர் மாஸ்த்ரு சாரோவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும். (கணிதப் பிரிவில் படித்தவள். படித்தது எங்கேயாவது உதவாதா என்று வருசக்கணக்காகக் காத்திருந்தவள்.) பிள்ளை நித்திரை கொள்ளும் பகல்களில் அந்தப் புத்தகத்தைச் சோதனைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். அடிக்கோடு போட்டேன். மூன்று நிறப் பேனாவால்.

மாஸ்த்ரு சாரோ செப்புக் குழாயோடு வந்தார். புத்தகம் இரும்புக் குழாய் என்கிறது என்றேன். அவர் ஒரு முழம் உயரத்தில் குழாயைத் திருப்பினார். கொதிகலனின் நீர்மட்டத்திலிருந்து இருபத்துநாலு அங்குலம் ஏறவேண்டும் என்று சட்டை தைக்கிற அளவு நாடாவோடு போய் நின்றேன். முப்பது வருசமாக இந்த வேலை செய்கிறேன், ஆவியைப்பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்.

என்னிடமா! பிட்டு அவித்துச் சாப்பிடுகிற சனத்திடமா! மாவை அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டிக்குக் கீழே தண்ணீர் கூடினால், கொதிக்கிற தண்ணீர் ஆவியோடு சேர்ந்து ஏறிப் பிட்டைக் களியாக்கிவிடும். இதுவும் அதேதான். குழாய் உயரமாக ஏறினால் தண்ணீர் பின்வாங்கிக் கீழே விழும், காய்ந்த ஆவி மட்டும் வீட்டுக்குள் போகும். இதை நான் கையைக் காலை ஆட்டி இத்தாலியனில் விளக்கினேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு செப்பையெல்லாம் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய், இரும்போடு வந்தார். ஒரு கிழமை வேலை. வியாழக்கிழமை ஓடவிட்டுப் பார்த்தோம். சத்தமே இல்லை. ஒன்பது ரேடியேற்றரும் பூனை மாதிரி மெல்லச் சீறிக்கொண்டு சூடாகின. நான் வென்றுவிட்டேன்.

அந்தச் சந்தோசத்தில் ஞாயிற்றுக்கிழமை மகனுக்குப் பல்லுக்கொழுக்கட்டை வைத்தோம். முதல் பல் முளைத்த பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலையில் கொழுக்கட்டை சொரிந்து, முன்னால் புத்தகம், பேனா, சங்கிலி என்று பரப்பி, அவன் எதை எடுக்கிறானோ அதுதான் எதிர்காலம் என்று பார்க்கிற நாள். பெரிய கூடத்தைத் தந்தது சின்யோரா. இருபது பேருக்குச் சொன்னோம். மாஸ்த்ரு சாரோவுக்கும் சொன்னோம்.

வெள்ளிக்கிழமை நான் கூடத்தைத் துப்புரவாக்கினேன். பிள்ளை தவழப்போகிறானே என்று நானும் தவழ்ந்து பார்த்தேன். (போனில் நான் பார்க்கிற பிள்ளை வளர்ப்புப் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.) அப்போதுதான் கண்டேன். ஒவ்வொரு ரேடியேற்றரிலும் குழாய் இல்லாத பக்கத்துக் கடைசிக் காலுக்குக் கீழே விரல் தடிப்பில் ஒரு மரத்துண்டு. சரியாக ஒரு பிள்ளை விழுங்குகிற அளவு!

“சும்மா வைச்சிருக்க மாட்டினமப்பா,” என்றார் கணவர். அவர் சியாகுல்லித் தோட்டங்களுக்கு மன்டரின் தோடம்பழம் பிடுங்கப் போகிற அவசரத்தில் நின்றார்.

“பிள்ளை விழுங்கினா நீங்களே பதில் சொல்லுவியள்?”

அவர் போய்விட்டார். நான் தோட்டத்தில் கல் கிளப்புகிற அலவாங்கை எடுத்துவந்து, அறை அறையாகப் போய், ஒவ்வொரு ரேடியேற்றராக நெம்பி, ஒன்பது துண்டையும் தட்டி எடுத்தேன். போனை ரேடியேற்றர்மேல் வைத்து மட்டம் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. எவ்வளவு வடிவு! துண்டுகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஐஸ்கிறீம் டப்பாவில் இட்டு, “சின்யோராவின் சாமான்” என்று எழுதியும் வைத்தேன். பொறுப்பான பெண்.

ஞாயிறு சனம் வந்தது. கொதிகலனின் சுவிற்சைப் போடும் மரியாதையை மாஸ்த்ரு சாரோவுக்குக் கொடுத்தோம். கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். அரை மணித்தியாலம் கழித்து, மகனின் தலையில் முதல் கொழுக்கட்டை விழுந்த நேரம், சுவருக்குள் யாரோ சம்மட்டியால் அடித்தார்கள். பிறகு அடுத்த சுவரில். பிறகு ஒன்பது பேராகச் சேர்ந்து அடித்தார்கள். மகன் வீரிட்டு அழுதான். ரேடியேற்றரில் காற்றுப் போகிற சின்ன மூக்கு ஒன்று பழுப்புத் தண்ணீரைப் பீச்சி, பக்கத்தில் நின்ற எங்கள் சிநேகிதி மலர் அக்காவின் பட்டுச்சேலையை நனைத்தது. சின்யோரா கேக் தட்டை மேசையில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு ஸ்தாசியோனேயின் ஈரச் சுவர் கண்ணுக்குள் வந்து நின்றது.

அவ்வளவுதான். வாயில் கொழுக்கட்டையோடு நின்ற மாஸ்த்ரு சாரோவைப் பிடித்துக்கொண்டேன். வியாழக்கிழமை எங்களை ஏமாற்றினீர்களா, உள்ளே எங்கேயோ செப்பு ஒளித்து வைத்திருக்கிறீர்களா, முப்பது வருசமும் இப்படித்தானா என்று கேட்டேன். இத்தாலியன் போதாத இடத்தில் தமிழில் கேட்டேன். தமிழ் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்தார்கள்.

அவர் கொழுக்கட்டையை விழுங்கி முடித்தார். கழுத்துப்பட்டியைச் சட்டைக்குள் செருகினார். குப்புறப் படுத்து ரேடியேற்றருக்குக் கீழே பார்த்தார். படுத்தபடியே என்னிடம் கேட்டார்:

“சின்யோரா, இங்கிருந்த மரத்துண்டுகள் எங்கே?”

என் கணவர் முகட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

ரேடியேற்றர் குழாய்ப் பக்கம் சற்றுச் சரிந்து நிற்கவேண்டுமாம். அப்போதுதான் ஆறிய தண்ணீர் திரும்ப ஓடும். மட்டமாக நின்றால் உள்ளே தேங்கும், ஆவி வந்து அதில் மோதும், சம்மட்டி விழும். புத்தகத்திலும் இருந்ததாம். இருந்தது. எனக்குத் தெரியும். நானே பச்சைப் பேனாவால் அடிக்கோடு போட்டு, நானே அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்ன வரி.

நான் போய் ஐஸ்கிறீம் டப்பாவைக் கொண்டுவந்தேன். அடுத்த பிரச்சினை, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு தடிப்பு, எது எங்கே இருந்தது என்று நான் குறிக்கவில்லை. வேட்டி கட்டிய ஆறு பேர் அலவாங்கோடு அறை அறையாகப் போனார்கள். மாஸ்த்ரு சாரோ படுத்துப் படுத்து எழும்பினார். சின்யோரா டப்பாவை ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தார். எட்டாவது துண்டோடு வீடு ஏறக்குறைய அமைதியானது. ஒன்பதாவதைக் காணவில்லை.

திரும்பிப் பார்த்தோம். வெள்ளைத் துணியில் என் மகன். முன்னால் புத்தகம், பேனா, சங்கிலி, நான் ஆசையாக வாங்கிவைத்த விளையாட்டு ஸ்டெதஸ்கோப். ஒன்றையும் தொடவில்லை. யாரோ கொழுக்கட்டைத் தட்டின் ஓரத்தில் வைத்த மரத்துண்டை இரண்டு கையாலும் பிடித்து, புதுப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். விழுங்கவில்லை. விழுங்கவே முடியாத அளவு அது.

சின்யோராதான் முதலில் சிரித்தார். கைப்பையைக் கீழே வைத்தார். கேக் வெட்டச் சொன்னார். வீடு பூட்டப்படவில்லை. அந்தத் துண்டு பல் அடையாளத்தோடு கூடத்து ரேடியேற்றருக்குக் கீழே இன்னும் இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு வீட்டின் சூடு முழுவதையும் ஒன்பது மரத்துண்டில் வைத்துவிட்டு, ஒரு வரி எழுதி ஒட்டக்கூடாதா? நான் ஒட்டினேன். ஒன்பதிலும் சிவப்பு எழுத்தில், மூன்று மொழியில், “எடுக்கக்கூடாது”. மாஸ்த்ரு சாரோ வருசாவருசம் கொதிகலனைப் பார்க்க வந்தால், அதைப் பார்க்கமுதல், உங்கள் மனைவி இந்த வருசம் துப்புரவு செய்தாவா என்று என் கணவரிடம் விசாரிக்கிறார்.

மகனுக்கு இப்போது ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் தமிழ் எழுதப் பழக்குகிறேன். போன மாதம், சொல்லிக்கொடுக்காமல், எழுத்துப் பிழையில்லாமல், தானாகவே முதல் வசனம் எழுதினான். எனக்குக் கண் கலங்கியது. தோட்டத்துக் கொட்டிலில், அலவாங்கில், சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது.

“அம்மா தொடக்கூடாது.”