அக்கினி மூலைக்குப் போன குசினி

தானே திருத்துகிறேன் என்று சுத்தியலைத் தூக்கிய கணவனிடம் மனைவி ஒரு கேள்வி கேட்டால், அவன் இன்னும் பலமாக அடிப்பான். உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்று நினைக்கிறேன். (நாங்கள் வாழும் இத்தாலியின் பலெர்மோவில் நிச்சயமாக இதுதான். சாட்சி, நான்.)

என் மனைவி சுகந்தி லிபெர்த்தா வீதியில் சிஞோரா என்று அவள் கூப்பிடும் ஒரு பணக்கார அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறாள். ஆகஸ்டில் அந்தக் குடும்பம் மொண்டெல்லோ கடற்கரைக்குப் போனால் இவளும் கூடப் போய், சமைத்தபடியே கடலைக் குசினி யன்னலால் பார்த்துவிட்டு வருவாள். "ஒரு கிழமையாவது எங்கட கதவைத் திறந்து கடலைப் பாக்கோணும்" என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதனால், ஸ்ஃபெர்ராகவால்லோ கடலோரத்தில் யாரோ கைவிட்டுப்போன ஒரு பழைய ரூலோட் (காரின் பின்னால் கட்டி இழுக்கும் சின்ன வீடு) கிடைத்தபோது நான் துள்ளிக் குதித்தேன்.

கூரை ஒழுகியது. தரை உக்கி உளுத்திருந்தது. அதையெல்லாம் வீடியோ பார்த்தே சமாளித்துவிட்டேன். போனில் திசை பார்த்தபோதுதான் பெரிய பிழை தெரிந்தது. முன்பக்கத்துக் குசினி வடமேற்கில் இருந்தது! அடுப்பு அக்கினி மூலையில், தென்கிழக்கில் அல்லவா இருக்கவேண்டும்? வாடகை வீடுகளில் கண்ணை மூடிக்கொண்டோம். சொந்த வீட்டில் விடுவேனா?

லீவு நாளெல்லாம் அடுப்பையும் தொட்டியையும் அலுமாரியையும் பெயர்த்துக் கொண்டுபோய்ப் பின்பக்கம் பொருத்தினேன்.

"இஞ்சருங்கோ, நான் ஒண்டு சொல்லட்டே?" என்றாள் சுகந்தி.

"வேலை நேரத்தில கதைக்காதை."

அவள் ஆணி டப்பாவை எடுத்து நீட்டினாள்.

பால் காய்ச்ச நாள் குறித்தோம். சுகந்தியின் அண்ணன் (என் மச்சான்) குடும்பம், என் தங்கை குடும்பம் எல்லாரும் பட்டும் வேட்டியுமாக வந்து இறங்கினார்கள். அன்று காலையில்தான் நான் ஓர் அழகு வேலை செய்திருந்தேன். ரூலோட்டின் மூலைகளை மண்ணில் ஊன்றித் தாங்கும் இரும்புக் கால்களைக் கழற்றி, நீலம் பூசி, வெயிலில் காயவைத்திருந்தேன்.

"பால் பொங்கப் போகுது, எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ!" என்று கூவினேன். வந்தார்கள். அத்தனை பேரும், பின்பக்கத்துக்கே.

பால் கிழக்குப் பக்கம் பொங்குமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரூலோட்டின் மூக்கு மெதுவாக வானத்தைப் பார்த்து எழும்பியது. என் மேல் மச்சான், மச்சான் மேல் என் தங்கை, எல்லாருக்கும் மேலே மெத்தை. பால் பானை தொட்டிக்குள் கவிழ்ந்தது. நல்ல காலம், ஒருவருக்கும் சுடவில்லை.

"ஓ தியோ! பப்பா, வீடு பறக்குது!" வெளியே நின்ற மகள் அபியின் குரல். (பிள்ளை படம் எடுக்க மறக்கவில்லை.)

பக்கத்து ரூலோட்டுகளில் இருந்து இரண்டு தடித்த சிசிலியர்கள் ஓடிவந்து, முன்பக்க இழுவைக் கம்பியில் தொங்கி எங்களைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுகந்தியின் ஒரே ஆசையை அவளுடைய சொந்தங்களுக்கு முன்னால் கவிழ்த்துக் கொட்டிவிட்டேனே! சுகந்தி பால் வழிந்த சேலையோடு ரூலோட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் உடையவில்லை.

"இப்ப சொல்லட்டே?"

"சொல்லு."

"இதுக்குச் சில்லு இருக்கு," என்று சக்கரத்தைக் காலால் தட்டிக் காட்டினாள். "குசினியைப் பேர்க்காமல் வீட்டைத் திருப்பி விட்டிருக்கலாம்."

முதலில் மச்சான் சிரித்தார். பிறகு, ஒன்றும் விளங்காமலே, அந்தச் சிசிலியர்கள்.

அடுத்த லீவில் குசினியைப் பழைய இடத்திலேயே வைத்தேன். அதே சிசிலியர்களும் மச்சானுமாகச் சேர்ந்து ரூலோட்டைத் தள்ளித் திருப்ப, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அடுப்பு அக்கினி மூலைக்கு வந்தது. அதுவரை வேலியைப் பார்த்துக்கொண்டிருந்த கதவு கடலைப் பார்த்தது. (அவள் சொல்ல வந்ததில் இதுவும் இருந்ததாம்.) அந்த ஆகஸ்டில் சுகந்தி சிஞோராவிடம் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், லீவு கேட்டு வாங்கினாள். கதவை ஒரு நாளும் சாத்த விடவில்லை.

இன்றைக்கும் நான் எதையாவது கஷ்டப்பட்டுப் பிடுங்கத் தொடங்கினால், "பப்பா, சில்லு இருக்கோ எண்டு பாத்தனீங்களோ?" என்று அபி கேட்பாள்.

போன மாதம் அவளுக்கு மிலானோவில் வேலை கிடைத்தது. பிள்ளை அவ்வளவு தூரம் போகப்போகிறாளே என்று ரூலோட் படியில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தேன். சுகந்தி வந்து, செருப்புக் காலால் சில்லை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஓம், ஓம்," என்றேன். "நாளைக்குக் காத்தடிக்கிறன்."