சத்தம் போட முடியாத சண்டை

மார் தெல் பிளாதா,
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை காலை

அன்பும் மரியாதையும் மிக்க எல்வீரா அக்காவுக்கு,

ரொசாரியோவில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என நம்புகிறேன். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் போய்விட்டது. முப்பத்தோரு வருஷமாக ஊரார் குடும்பங்களை ஒட்டவைத்த உன் தங்கையின் குடும்பம் நேற்று மத்தியானம் உடைந்துவிட்டது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆகவே பின்னறையிலிருந்து அத்தானின் பழைய சைக்கிள்களை வெளியே எடுத்துவிட்டு எனக்கு ஒரு கட்டில் போட்டு வைக்கவும். ஏன் போனில் சொல்லவில்லை என்பாய். கடற்கரைக் கூடாரத்துக்குச் சுவர் துணி, அக்கா. அந்தத் துணிக்கு இரண்டு பக்கமும் என் நோயாளிகள்.

பிப்ரவரிக் கோடையில் புவெனோஸ் அயர்ஸில் ஒரு மனநல டாக்டர்கூட மிச்சமிருக்க மாட்டோம், எல்லோரும் கடலுக்கு வந்துவிடுவோம், உனக்குத் தெரியாததா. எந்தக் கடற்கரை என்று மட்டும் நோயாளிகளிடம் மூச்சு விடக்கூடாது. நானும் விடவில்லை. செர்ஹியோ ஒருவனிடம் மட்டும், பாவம், ஒரு மாசம் எப்படித் தாங்குவான் என்று வாய்தவறிச் சொன்னேன். அவன் வெளியே காத்திருந்தவர்களிடம் என்ன உளறினானோ, இப்போ இடப்பக்கக் கூடாரத்தில் செர்ஹியோ. வலப்பக்கம் நோர்மாவும் அவள் அம்மாவும், அந்த அம்மாவைப் பற்றித்தான் ஒன்பது வருஷமா என்கிட்ட அழறா. எதிரே ஒரு விவாகரத்தான ஜோடி, ஆளுக்கொரு குடையில். எல்லார் கையிலும் நான் எழுதின ‘புன்னகையோடு விட்டுவிடுங்கள்’ புத்தகம். நான் ரெண்டாவது சுர்ரோப் பலகாரம் எடுத்தா, “டாக்டரே எடுக்கறாங்க”ன்னு அவங்களும் எடுக்கறாங்க. நிம்மதியா ஒரு வாய் மாத்தே டீ உறிஞ்ச முடியல.

இப்படிப்பட்ட இடமா பார்த்துத்தான், ஆறு வருஷமா தான் எழுதற ஒரே நாவலோட அறுபதாம் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மகான், என் வீட்டுக்காரன் ரூபென், வாயைத் திறந்தான்.

“மாபெல், வர்ற திங்கக்கிழமை நான் கோர்தோபா மலைக்குப் போறேன். தனியா. திரும்பி வர்றதா இல்ல.”

“என்ன உளர்றே?”

“மெதுவா பேசு. கொஞ்சம் சிரி. எல்லாரும் பாக்கறாங்க.”

“இன்னொருத்தியா?”

“அப்படி ஏதாவது இருந்தாலாவது எழுதியிருப்பேனே! உன்கூட இருந்தா எனக்கு ஒரு துக்கம் தங்க மாட்டேங்குது. அது உள்ள வந்து உட்கார்றதுக்குள்ள நீ அதுக்கு ஒரு பேர் வச்சு, மூணு பயிற்சி குடுத்து அனுப்பிடறே. நான் எதை வச்சு எழுதறது?”

வீட்டுல சொல்லியிருந்தா மாத்தே கிண்ணத்தைத் தூக்கி மண்டையிலேயே போட்டிருப்பேன். அது தெரிஞ்சுதான் பாவி இங்கே சொல்லியிருக்கான். நான் பல்லைக் காட்டிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன், தாடை வலிக்கிற வரைக்கும். நோர்மா அவ அம்மாகிட்ட சொல்றா: “பாத்தியா, எவ்வளவு ஒத்துமையா பேசிக்கறாங்க. நீயும் அப்பாவும் இருந்தீங்களே!”

இன்னிக்குக் காலையில அவன் நடக்கப் போன நேரத்துல அடக்க முடியாம விசும்பிட்டேன். அவ்வளவுதான், நோர்மா புத்தகத்தோட ஓடி வந்துட்டா. “டாக்டர், எண்பத்துநாலாம் பக்கம். ‘உங்களை விட்டுப் போகிறவர் உங்களையே உங்களுக்குப் பரிசாகத் தருகிறார்.’ என்னைக் காப்பாத்தின வரி டாக்டர் இது!” அக்கா, அந்த வரியை அச்சகத்து ஆள் வாசல்ல நின்னு அவசரப்படுத்தினப்போ கிறுக்கிக் குடுத்தேன். யாருக்கு வேணும் அந்தப் பரிசு? என்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? எனக்கு அவன்தான் வேணும், அவனோட குறட்டையும் அறுபதாம் பக்கமும் சேர்த்து. ஊருக்கெல்லாம் வாய் இருக்கு எனக்கு, இதை அவன்கிட்ட சொல்லத்தான் வாய் வரல.

அத்தானுக்கு என் அன்பு. பிள்ளைகளிடம் சித்தி வருகிறாள் என்று மட்டும் சொல், எத்தனை நாளைக்கு என்று சொல்லாதே. கடவுள் உங்கள் வீட்டையாவது பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு, எதையும் விட்டுவிடத் தெரியாத உன் தங்கை
மாபெல்

பி.கு.: கட்டில் வேண்டாம். சைக்கிள்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

இதைத் தபாலில் போடக் கிளம்பினவ, அழுத அழுகையில திரும்பி வர வழி தெரியாம நின்னுட்டேன். எல்லாக் கூடாரமும் ஒரே நீலம். அம்பத்தெட்டு வயசுல தண்ணி ஓரமா நின்னு தேம்பறேன். செர்ஹியோ பார்த்துட்டான். “டாக்டர், தொலைஞ்சு போயிட்டீங்களா?”ன்னான். ஆமான்னு தலையாட்டித் தொலைச்சேன். குழந்தை காணாமப் போனா தோள்ல தூக்கி வச்சு, பெத்தவங்க வந்து வாங்கிக்கிற வரைக்கும் கடற்கரையே கைதட்டுமே, அதை ஆரம்பிச்சுட்டான் படுபாவி! தூக்கப் பார்த்தான், இடுப்பு பிடிச்சுக்கிச்சு, அதனால ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல ஏத்திவிட்டான். நோர்மா தட்டறா, அவ அம்மா தட்டறா, விவாகரத்தானவங்க சேர்ந்து தட்டறாங்க, ஐஸ்கிரீம்காரன் பெட்டியை இறக்கி வச்சுட்டுத் தட்டறான். “நிறுத்துங்கடா!”ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். இன்னும் பலமாத் தட்டினாங்க.

அப்போ கூட்டத்தை விலக்கிக்கிட்டு ரூபென் ஓடி வந்தான், மூச்சு வாங்க, ஒரு கால்ல செருப்பு இல்ல. உயிர்காக்கும் படைப் பையன் வழக்கப்படி கேட்டான்: “ஐயா, இது யாரோடது?”

ஒரு வார்த்தைக்கு மூணு நாள் யோசிக்கிற மனுஷன், அக்கா. யோசிக்கவே இல்ல. “என்னோடது”ன்னான்.