செல்லதுரைக்குப் பதிலாள்

"இல்லம்மா, அதெல்லாம் முடியாதும்மா. செல்லதுரைன்னு கூப்பிட்டா செல்லதுரைதான் 'உள்ளேன் ஐயா' சொல்லணும்."

"நாந்தான் வந்திருக்கேனேங்க."

"நீங்க அவன் அம்மா!"

"ஆமாங்க. வேற யாரு வருவா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. பெண் பிள்ளைகள் யாருமே படிக்காத கல்லூரி. அதில் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், ஈரம் காயாத சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காளியம்மாள் உட்கார்ந்திருந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எம்புள்ள எந்த எடத்துல குந்துவான்?" என்பதுதான். பையன்கள் விளையாட்டாகக் கைகாட்டினார்கள். அவர் போய் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டார். எடுக்கவேயில்லை.

விரிவுரையாளர் காயாரோகணத்துக்கு வியர்த்தது. அவர் தற்காலிகம். வேதாரண்யத்துப் பக்கம் படகுக்காரக் குடும்பத்திலிருந்து முதல் எம்.ஏ. வேலை நிரந்தரமாகிற வரைக்கும் எங்கேயும் சத்தம் கேட்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர். இங்கேயோ சத்தம் முதல்வர் அறை வரை போய்க்கொண்டிருந்தது.

"செல்லதுரை ஏன் வரல?"

"அவனால வர முடியலைங்க."

"ஒடம்பு சரியில்லையா?"

"படுத்துட்டாங்க." காளியம்மாளின் கண் வீங்கிச் சிவந்திருந்தது. அடுப்புப் புகை போலிருக்கிறது என்று காயாரோகணம் நினைத்துக்கொண்டார். "முக்காப் பங்கு நாளு வரணும், இல்லாட்டி பரீட்சை எழுத வுட மாட்டாங்க, ஒரு வருசம் போயிடும், ஸ்காலர்ஷிப்பும் போயிடும்னு அவன் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அதான் வந்தேன்."

"அவனுக்குப் பதிலா நீங்க வந்தா எப்படிம்மா கணக்கு?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "நடவுக்கு ஆள் சொல்றாங்க. வூட்டுல ஒருத்தரு படுத்துட்டா, இன்னொருத்தரு போயி நிக்கிறதில்லைங்களா? நெரையில எடம் காலியாக் கெடந்தா வேலை எப்படி நடக்கும்?"

"நியாயந்தானே சார்!" என்றான் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன். "எங்கப்பாவையும் நாளைக்கு அனுப்பட்டுமா? நான் மேட்னி போயிட்டு வந்துடறேன்."

மறுபடி சிரிப்பு. வராந்தாவில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. முதல்வராக இருந்தால் தொலைந்தது. காயாரோகணம் அவசரமாக வருகைப் பதிவேட்டில் செல்லதுரைக்கு நேராக ஒரு டிக் போட்டார்.

"போட்டாச்சும்மா. நீங்க கெளம்புங்க."

காளியம்மாள் கிளம்பவில்லை. பாதி நாள் நின்றுவிட்டு முழுக் கூலி வாங்குகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாதாம். மணி அடிக்கிற வரை பிரெஞ்சுப் புரட்சியைக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த டிக்தான் தப்பு. மறுநாள் காலையில் அதே இடத்தில் அரசப்பன் உட்கார்ந்திருந்தார். செல்லதுரையின் அப்பா. சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, இடையிடையே ஒரு வறட்டு இருமல்.

"நேத்திக்கு அது வந்துச்சு சார். இன்னிக்கு அதுக்குக் களையெடுப்பு."

பாடம் நடந்தது. ராஜாவின் தலையை வெட்டிய இடம் வந்ததும் அரசப்பன் எழுந்து நின்றார்.

"ஒரு சந்தேகம் சார். ராசாவை வெட்டிட்டாங்க. சரி. நெலம் யாருக்கு வந்துச்சு?"

காயாரோகணம் குறிப்பைப் புரட்டினார். குறிப்பில் அது இல்லை. டிக் மட்டும் போட்டார். போடாவிட்டால் அந்த மனிதர் மேற்கொண்டு ஏதாவது கேட்பார் போலிருந்தது.

மணி அடித்ததும் அரசப்பனை வராந்தாவின் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கூடவே பியூன் இப்ராஹிமும் வந்தார். கல்லூரியில் எந்த ரகசியம் நடந்தாலும் பக்கத்தில் நின்று கேட்பதைத் தன் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார் இப்ராஹிம்.

"இந்தாங்க, இனிமே யாரும் வரக் கூடாது. பதிலாள் கதையெல்லாம் இங்க செல்லாது. வருகை கொறைஞ்சா அதுக்குன்னு ஒரு வழி இருக்கு. டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா, யூனிவர்சிட்டில மன்னிச்சு பரீட்சைக்கு விடுவாங்க. அது போதும்."

"மன்னிப்பாங்களா? யாரை?"

"உங்க பையனை."

"அவன் என்ன சார் தப்பு பண்ணான்?"

"ஐயா, விதி அப்படி. சரி, நிஜத்தைச் சொல்லுங்க. செல்லதுரை எங்க?"

அரசப்பன் தூணைப் பார்த்தார். வாய் கோணியது.

காயாரோகணத்துக்கு மூளையில் விளக்கு எரிந்தது. செல்லதுரையின் ஊர்க்காரர்கள் குடியிருப்பு மனைக்குப் பட்டா கேட்டுக் குடிசை போட்டிருப்பதும், பண்ணைக்காரர்கள் பிரிக்க வருவதும், இவர்கள் முறை வைத்துக் காவல் இருப்பதும், போலீஸ் முகாம் போட்டிருப்பதும் மாவட்டத்துக்கே தெரியும். செல்லதுரை வேறு துடியான பையன்.

"போலீஸ் புடிச்சிட்டுப் போயிட்டாங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அரசப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"புரிஞ்சுது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நானும் சொல்ல மாட்டேன்," என்றார் இப்ராஹிம். அதற்குத்தான் காயாரோகணம் பயந்தார்.

"நீங்க கவலைப்படாதீங்க. யாராவது ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போயி, செல்லதுரை பேருக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க."

"யாராவது போனாப் போதுமா சார்?"

"போதும் போதும். சீக்கிரம் போங்க."

போதும் என்று சொல்லியிருக்கக் கூடாது. அதுவும் அந்தக் குடும்பத்திடம்.

அரசப்பன் நேராகத் திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பெயர் என்ன என்று டாக்டர் வேம்பு கேட்டார். "செல்லதுரைங்க," என்றார் அரசப்பன். டாக்டர் வேம்பு நாணயமான மனிதர். பார்க்காமல் எழுதித் தருகிற பழக்கம் அவருக்கு இல்லை. நெஞ்சில் குழாய் வைத்தார், முதுகைத் தட்டினார், படம் எடுக்கச் சொன்னார், கோழையை வாங்கிச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தார். அது கல்லூரி அலுவலகம் வழியாக நேரே முதல்வர் சிவசாமியின் மேஜைக்குப் போனது. காயாரோகணத்துக்கு அழைப்பு வந்தது.

"என்னய்யா இது? செல்லதுரை, வயசு சுமார் அம்பது!"

"எழுத்துப் பிழையா இருக்கும் சார்."

"நம்ம காலேஜ்ல அரியர் வச்சிக்கிட்டுச் சுத்துறவன் இருக்கான், இல்லேங்கல. அதுக்காக அம்பது வயசுலயா ரெண்டாம் வருஷம் படிக்கிறான்? சரி, அதை விடு. என்ன வியாதின்னு போட்டிருக்கு, படி."

காயாரோகணம் படித்தார். காசநோய். இரண்டு நுரையீரலும். தொற்றும். தனியாக வைக்க வேண்டும்.

அவருக்கு அரசப்பனின் இருமல் ஞாபகம் வந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

முதல்வர் பதிவேட்டைப் புரட்டினார். "தனியா வைக்கணும்னு சர்டிபிகேட் வந்திருக்கு. ஆனா இங்க நீ டிக் போட்டிருக்கியே! தொத்து வியாதியோட வகுப்புல வந்து உக்காந்தானா?"

ஆமாம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து. காயாரோகணம் ஆமாம் என்பது போலவும் இல்லை என்பது போலவும் தலையை ஆட்டினார். முதல்வர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் இப்ராஹிம் மூன்றாவது பெஞ்சை வெயிலில் இழுத்துப் போட்டு ஃபினாயில் ஊற்றிக் கழுவினார். மேட்னிக்காரன் உட்பட மொத்த வகுப்பும் ஆஸ்பத்திரிக்கு ஊர்வலம் போய் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டது. "அந்தம்மா வந்தப்பவே சார் தொரத்தியிருக்கணும்," என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதித் தருகிற வரை செல்லதுரை வளாகத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று முதல்வர் உத்தரவு போட்டார். அதாவது, மகன் பரீட்சை எழுத வேண்டுமானால் முதலில் அப்பாவின் நுரையீரல் ஆற வேண்டும்.

மறுநாள் காயாரோகணம் கல்லூரி வாசலில் அரசப்பனைக் கண்டார். அவர் பழையபடி வகுப்புக்குத்தான் வந்திருந்தார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

"ஐயா, டாக்டர் உங்ககிட்ட சொன்னாரா? உங்களுக்கு நிஜமாவே சீக்கு இருக்கு."

"சொன்னாரு சார். மாத்திரை குடுத்திருக்காரு. அது கெடக்கட்டும்." வாயைத் துண்டால் பொத்தி இருமிவிட்டுக் கேட்டார். "இன்னிக்கு வருகை என்னாச்சு? எடம் காலியா கெடக்குதா?"

"கெடக்குது."

அரசப்பன் அதைக் கேட்டு ஆடிப்போய்விட்டார். நோயைச் சொன்னபோது ஆடாத மனிதர். "காலியா வுடக் கூடாதே சார்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "அப்பறம் நம்மளுக்குன்னு இல்லாம போயிடுமே சார்."

காயாரோகணத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும், படகு இருக்கிறது என்று முடிவு செய்தார். நேராக முதல்வர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமலே நுழைந்தார்.

"சார், அந்தச் சர்டிபிகேட் பையனோடது இல்ல. அவன் அப்பாவோடது."

"அப்பாவுக்குச் சீக்குன்னா மகன் எதுக்குய்யா லீவு?"

"மகன் ஜெயில்ல இருக்கான் சார். குடியிருப்பு மனைத் தகராறு. வகுப்புல வந்து உக்காந்ததும் அவன் இல்ல. அவங்கம்மா ஒரு நாள், அப்பா ஒரு நாள். நாந்தான் டிக் போட்டேன். எல்லாம் என் தப்பு."

முதல்வர் சிவசாமி கண்ணாடியைக் கழற்றினார். காயாரோகணம் கண்ணை மூடிக்கொண்டார்.

"மடையா."

"ஆமா சார்."

"ஜெயில்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? இந்தி எதிர்ப்பு சமயத்துல எம் பசங்க பாதிப் பேர் உள்ளதான் இருந்தாங்க. ஜெயில் சூப்பரிண்டெண்ட் ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். யூனிவர்சிட்டிக்கு நான் எழுதறேன். வருகைக் குறைவை விட்டுக் குடுப்பாங்க. ஜெயிலுக்குள்ளயே பரீட்சையும் எழுதலாம். எந்த ஜெயில்னு கேட்டுக்கிட்டு வா, போ!"

காயாரோகணம் அறையை விட்டு ஓடினார். உண்மையாகவே ஓடினார். இவ்வளவு சுலபமா! பெஞ்சைக் கழுவி, வகுப்பையே படம் எடுத்து, அந்த மனிதரைச் செல்லதுரை ஆக்கி, இத்தனை கூத்தும் அடிக்காமல் முதலிலேயே நிஜத்தைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே! திருவாரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தனக்குத்தானே சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வாய்க்கால் மதகில் இறங்கி, வரப்பில் நடந்து, புதிதாகக் குடிசைகள் போட்டிருந்த மனைக்கட்டுக்குப் போனார். அரசப்பன் வீடு எது என்று கேட்டதும் காட்டினார்கள். காட்டியவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சட்டை போட்ட வெளியாள் என்பதால் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் செல்லதுரையின் தங்கை செவ்வந்தி மட்டும் இருந்தாள். இருபது வயதைத் தொடாத பெண். அப்பா மாத்திரை வாங்கப் போயிருக்கிறார், அம்மா வயல் கரையில் நாற்றுக்கட்டுத் தூக்குகிறார் என்றாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார். முதல்வர் ஒத்துக்கொண்டார், சர்டிபிகேட் வேண்டாம், யாரும் வந்து உட்கார வேண்டாம், எதுவுமே வேண்டாம்.

"எல்லாம் சரியாயிடுச்சும்மா. உங்கண்ணன் கண்டிப்பா பி.ஏ. முடிச்சிடுவான். எந்த ஜெயில்னு மட்டும் சொல்லு, திருச்சியா, கடலூரா?"

செவ்வந்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜெயில்ல யாரும் இல்ல சார். மனைக்குக் காவல் படுத்திருந்தப்ப பாம்பு கடிச்சி அண்ணன் செத்துட்டான், அம்மா ஒங்க வகுப்புக்கு வந்தாங்கல்ல, அதுக்கு மொத நாளுதான் பொதைச்சோம். தாத்தா செத்தப்ப ஒரு போகம்கூட தரிசாப் போடாம உழுதுகிட்டே இருந்ததாலதான் கோயில் குத்தகைய அப்பா பேருக்கு மாத்திக் குடுத்தாங்க. அது மாதிரி அண்ணன் எடத்தையும் காலியா வுடாம வச்சிருந்தா எனக்குன்னு ஆயிடும்னு அப்பா சொன்னாங்க. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் சார். என் பேருக்கு மாத்திக் குடுத்துடுவாங்கல்ல? நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?"